கச்சால் தீவும் கல்விச் சான்றின் குடியுரிமையும்

நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் நடுப்பகுதியில், நன்கவுரிக்கும் கமோர்ட்டாவுக்கும் அருகில் கிடக்கும் கச்சால் தீவு 2000 ஜனவரி 1 அன்று ஒரே ஒரு நாள் உலகப் புகழ் பெற்றது. மக்கள் வாழும் நிலங்களுள் புத்தாயிரத்தின் முதல் கதிர் அங்குதான் விழப்போகிறது என்று பெரிதாக விளம்பரம் செய்யப்பட்டது. அந்தக் கதிர் விழுந்த ரப்பர்த் தோட்டங்களில் அதிகாலையில் எழுந்து பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் எவர், எங்கிருந்து வந்தனர், எந்தக் கணக்கில் அங்கே இறக்கிவிடப்பட்டனர் என்று அன்று கேட்டவர் அரிது. இன்றும் அரிதே.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். நாடற்றவராக்கப்பட்டிருந்த மலையகத் தமிழர் 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கு பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி அரசும் சிறிமாவோ அரசும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கு பிரிக்கப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் தங்கியவர்களின் கையில் இருந்தது ஒரு குடும்ப அட்டை. எந்தக் குடும்பம் எந்த மறுவாழ்வுத் திட்டத்திற்குச் செல்ல வேண்டும் என்பதே அந்த அட்டையின் முதன்மையான செய்தி. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சிலர், புனலூரின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சிலர், கர்நாடகத்தின் சுள்ளியாவுக்குச் சிலர். ஒரு சிறு பகுதியினர் இன்னொரு கடலைத் தாண்டி, போர்ட் பிளேருக்கும் தெற்கே 400 கிலோமீட்டர் கடந்து கச்சாலுக்கு அனுப்பப்பட்டனர்.

இந்த மனிதர்களின் கல்வி என்னவாயிற்று என்பதே இங்குக் கேள்வி. வெளிநாட்டுக் கல்வித் தகுதியை மதிப்பிடுவது எப்படி என்று இன்று தில்லியில் பெரிய அளவில் பேசப்படுகிறது. அந்தப் பேச்சுக்கு வெகு காலம் முன்பே, வெளிநாட்டில் கற்ற இலட்சக்கணக்கான தமிழர்களை இந்திய அரசு மதிப்பிட்டு முடித்திருந்தது. அந்த மதிப்பீடு ஒரே சொல்லில் அடங்கியது: தோட்டத் தொழிலாளி.

மலையகத்தில் கல்வி எந்த நிலையில் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இலங்கையில் 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது அதன் பயன் தோட்டங்களின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. லயத்தின் ஓரத்தில் ஓர் ஆசிரியர், ஓர் அறை, சில வகுப்புகள் என்பதே பெரும்பாலான தோட்டப் பாடசாலை. அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியதே 1970களில்தான். ஆகவே கப்பலில் வந்தவர்களுள் பெரும்பான்மையோரிடம் மதிப்பிடுவதற்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. ஆயினும் எல்லோரும் அப்படியல்லர். க.பொ.த. சாதாரண தரம், அதாவது இங்குள்ள பத்தாம் வகுப்புக்கு ஒப்பான தேர்வு வரை சென்றவர்கள் இருந்தனர். ஆசிரியர்கள் இருந்தனர். தொழிற்சங்கக் கிளைகளில் கணக்கெழுதியவர்கள், மனு எழுதியவர்கள், மேடையில் பேசியவர்கள் இருந்தனர். 'தாயகம் திரும்பியோர்' என்ற அழகான பெயரைச் சூட்டிய அரசு, அவர்களுடைய கைகளை எண்ணியது. தலைகளைக் குடும்ப அட்டைக்காக மட்டும் எண்ணியது.

கச்சாலுக்கு வந்தவர்களின் நிலை இதனினும் கடினம். நிக்கோபார் மாவட்டம் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் உள்ளது. அது நியாயமான பாதுகாப்பு. நிக்கோபாரிகளின் நிலத்தில் அவர்களுக்கே உரிமை. அந்த நிலத்தில் வேற்று மண்ணின் தொழிலாளரைக் கொண்டுவந்து ரப்பர் நட்டது அரசின் முடிவே தவிர, தொழிலாளரின் முடிவன்று. நிலம் சொந்தமாக முடியாத இடத்தில், கடல் சூழ்ந்த ஒரு தீவில், ஒரு தொழிலாளியின் பிள்ளைக்கு மேலே செல்ல ஒரே ஏணி கல்விதான். அந்த ஏணியின் அடிப்படியோ இன்னொரு நாட்டின் பாடசாலையில் இருந்தது.

பிறகு வந்தது 2004 டிசம்பர் 26. நிக்கோபார் தீவுகளுள் ஆழிப்பேரலை மிகக் கொடூரமாகத் தாக்கிய இடங்களில் கச்சாலும் ஒன்று. 2001 கணக்கெடுப்பில் 5,300க்கு மேற்பட்டிருந்த மக்கள்தொகை 2011இல் 2,700க்கும் கீழே இறங்கிவிட்டது. மனிதர்களே அடித்துச் செல்லப்பட்ட இடத்தில் தகரப் பெட்டிக்குள் இருந்த காகிதங்களைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆனால் உயிர் பிழைத்தவர் மறுபடி வாழத் தொடங்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதங்களைத்தான். இந்தியப் பள்ளியில் படித்தவர் நகல் பெறலாம். வாரியம் இங்கேயே உள்ளது. ஹட்டனிலோ பதுளையிலோ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படித்த முதியவரின் பாடசாலைப் பதிவை எவர் தேடித் தருவார்? இறுதியில், அவர்களைத் தீவுக்கு வரவைத்த ரப்பரும் நிலைக்கவில்லை. தோட்டங்களை நடத்திவந்த அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூடிவிட 2017 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொழிலாளி என்ற ஒற்றை மதிப்பீட்டைச் செய்த அரசே அந்தத் தொழிலையும் முடித்துவைத்தது.

தீவில் படித்தவர்களின் சான்றுக்கும் எப்போதும் வெளியிலிருந்தே முத்திரை வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1967இல் போர்ட் பிளேரில் தொடங்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியின் பட்டங்களை முதலில் வழங்கியது சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகம்; பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். வங்கம், இந்தி, தமிழ், தெலுங்கு பேசும் மக்கள் கலந்து வாழும், தமிழர் ஏறத்தாழ 15 விழுக்காடு உள்ள ஒரு நிலப்பரப்பின் அறிவை அளக்கும் கோல் எப்போதும் கடலுக்கு அப்பால்தான் இருந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என மாற்றிய ஒன்றிய அரசுக்குச் சோழர் கப்பற்படை நினைவுக்கு வந்தது. சோழர் மண்ணிலிருந்து தேயிலைக்குப் போய், தேயிலையிலிருந்து ரப்பருக்கு வந்தவர்கள் நினைவுக்கு வரவில்லை. பழைய பெயர் அச்சிட்ட சான்றிதழோடு புதிய பெயர் அச்சிட்ட அடையாள அட்டையை ஒப்பிடப்போகும் எழுத்தரின் முன் நிற்பவர்களும் அவர்களே.

இனி இன்றைய விதிகளுக்கு வருவோம். 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, வெளிநாட்டு நிறுவனங்களில் பெற்ற தகுதிகளை ஏற்று இணைத்தன்மை வழங்குவதற்கான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 1925இல் தோன்றிய இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் நெடுங்காலம் செய்துவந்த பணிக்கு இப்போது சட்ட வடிவம் கிடைத்துள்ளது. பட்டம் வழங்கிய நிறுவனம் தன் நாட்டில் முறையான ஏற்புப் பெற்றதா, சேர்க்கைத் தகுதி இந்தியாவில் உள்ளதற்கு ஒப்பானதா என்பவற்றை வல்லுநர் குழு ஆராயும். விண்ணப்பம் இணையவழியில். மருத்துவம், செவிலியம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகள் அந்தந்த மன்றங்களின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன. இதுவரை தெளிவற்றுக் கிடந்த ஒரு துறையில் எழுதப்பட்ட விதி வந்திருப்பது நல்லதே. வெளிநாடு சென்று படித்துத் திரும்பும் மாணவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்த நிலை குறையுமானால் அதை எதிர்ப்பவர் எவருமில்லை.

ஆனால் இந்த விதிகள் ஒரு மனிதரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவர் விரும்பி வெளிநாடு சென்றவர். கட்டணம் கட்டிப் படித்தவர். பட்டம், மதிப்பெண் பட்டியல், கடவுச்சீட்டு ஆகிய அனைத்தும் கோப்பில் அடுக்கி வைத்திருப்பவர். ஐயம் எழுந்தால் தன் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பக்கூடியவர். எரிந்த ஊரிலிருந்து இரவில் படகேறியவர் அந்த மனத்தில் இல்லை. அலை கொண்டுபோன பெட்டிக்குச் சொந்தக்காரரும் இல்லை.

மேலே சொன்ன மண்டபம் முகாமுக்கே மீண்டும் செல்வோம். 1964 உடன்படிக்கையின்படி வந்தோர் தங்கிய அதே முகாமில்தான் 1983 இனப்படுகொலைக்குப் பின் ஈழத்திலிருந்து வந்தோரும் தங்கவைக்கப்பட்டனர். முன்னவர் இந்தியக் குடிமக்கள், பின்னவர் அகதிகள். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. எனவே அகதி என்ற சட்டநிலையும் இங்கில்லை. 2021இல் தமிழக அரசு அளித்த கணக்கின்படி 58,822 பேர் முகாம்களிலும் 34,087 பேர் முகாம்களுக்கு வெளியிலும் வாழ்ந்தனர். அவ்வாண்டு அரசு முகாமின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றி, பொறியியல், வேளாண்மை மாணவர் சிலருக்குக் கட்டணத்தை ஏற்றது. வரவேற்கத்தக்கதே. எனினும் பெயர்ப்பலகையை மாநில அரசு மாற்றலாம். குடியுரிமையை மாற்ற அதற்கு அதிகாரமில்லை.

வெளிநாட்டுக் கல்வித் தகுதியை மதிப்பிடுவதில் ஒன்றிய அரசு காட்டும் அளவுகோல் எத்தகையது என்பதற்கு 2022ஆம் ஆண்டு ஒன்றே போதும். அவ்வாண்டு ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் கூட்டாக ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டன. பாகிஸ்தானில் பட்டம் பெறும் இந்தியர்கள் அந்தப் பட்டத்தைக் கொண்டு இந்தியாவில் வேலையோ மேற்படிப்போ பெற முடியாது என்றது அது. அதே அறிவுறுத்தலில் ஒரு விலக்கும் இருந்தது. பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்து இந்தியக் குடியுரிமை பெற்றோரும் அவர்தம் பிள்ளைகளும் உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு ஒப்புதலுக்குப் பின் அங்கே பெற்ற பட்டத்தைக் கொண்டு வேலை தேடலாம். ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வுத்தாள். ஒருவர் கையில் அது செல்லாக் காகிதம். இன்னொருவர் கையில் செல்லுபடியாகும் பட்டம். இதில் கல்வித்தரம் எங்கே மதிப்பிடப்பட்டது?

அவ்வாண்டு ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் ஒரு படி சென்றது. துன்புறுத்தலுக்கு ஆளாகி 2014 டிசம்பர் 31க்குள் இந்தியாவுக்கு வந்து குடியுரிமை பெற்ற சிறுபான்மைச் சமூக மருத்துவர்கள் இங்குத் தொழில் செய்யப் பதிவு கோரலாம், தெரிவு செய்யப்படுவோருக்குத் தேர்வு நடத்தப்படும் என்று அறிவித்தது. அது மனிதநேயமான முடிவு என்பதில் ஐயமில்லை. பல ஆண்டு பயின்ற மருத்துவர் ஒருவர் மருந்துக்கடையில் கணக்கெழுதிக் காலம் தள்ளுவது நாட்டுக்கும் இழப்பு. ஆனால் அந்தத் தேதியைப் படிப்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் தேதி அது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளைக் குறிப்பிட்டு, முஸ்லிம்களை விலக்கி, இலங்கையை முற்றாக மறந்த சட்டம் அது. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் பயின்று, போரில் ஓடிவந்து, தமிழ்நாட்டு முகாமில் முதுமையடையும் ஒருவருக்கு அத்தகைய அறிவிப்பு வரவில்லை. வெளிநாட்டில் மருத்துவம் பயின்றோர் எழுதும் தகுதித் தேர்வும் இந்தியக் குடிமக்களுக்கும் கடல்கடந்த இந்தியக் குடியுரிமை அட்டை உடையோருக்கும் மட்டுமே உரியது. அவருடைய அறிவைச் சோதிக்கும் அறையின் வாசலிலேயே அவர் நிறுத்தப்படுகிறார். சோதித்துத் தோற்கடிக்கக்கூட எவரும் அணியமாக இல்லை.

சான்று என்பதற்குச் சாட்சி என்றே தமிழில் முதற்பொருள். சான்றிதழ் ஒருவர் கற்றதற்குச் சாட்சியாக நிற்க வேண்டிய தாள். இங்கோ அது அவர் எந்த எல்லைக்கு எந்தப் பக்கம் பிறந்தார், எந்தக் கடவுளை வணங்கினார் என்பதற்குச் சாட்சி கூற அழைக்கப்படுகிறது.

மூலதனத்தோடு வருகிற சான்றுக்கு இந்தச் சோதனை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தியாவில் வளாகம் அமைப்பதற்கான 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, அந்த வளாகங்கள் தரும் பட்டங்களுக்கு இணைத்தன்மைச் சான்று தேடி எவரும் எங்கும் செல்லத் தேவையில்லை. 2025இல் குருகிராமில் வகுப்புகளைத் தொடங்கிய சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பட்டம் பிறக்கும்போதே இந்தியப் பட்டத்துக்கு இணையானது. பணம் எல்லை கடந்து வந்தால் சான்று தானே குடியுரிமை பெற்றுவிடுகிறது. மனிதர் எல்லை கடந்து வந்தால் மட்டும் கேள்வி.

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் இந்த அவமதிப்பின் மறுபக்கத்தை நன்கறியும். கனடாவுக்குக் குடிபெயர விரும்புவோர் அந்நாடு ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் செலுத்தி, உறையிட்டு முத்திரை வைத்த மதிப்பெண் பட்டியலுக்காகத் தம் பல்கலைக்கழகத்தின் வாசலில் காத்துக் கிடக்கின்றனர். சென்ற பின்னும் 'கனடிய அனுபவம்' இல்லை என்று கைவிரிக்கப்பட்ட பொறியாளர்களும் மருத்துவர்களும் டொராண்டோவில் வாடகைக் கார் ஓட்டிய கதை எல்லா ஊரிலும் உண்டு. அங்கே அது அநீதி என்று பேசும் நாம், இங்கே கச்சாலிலும் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் நடப்பதை நிர்வாக நடைமுறை என்று கடந்துவிடுகிறோம். இடதுசாரி இயக்கமும் அகதிகளின் குடியுரிமைக்காகப் பேசிய அளவுக்கு அவர்களது கல்வியின் ஏற்புக்காகப் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். போர் முடிந்தபின் இலங்கைக்குத் திரும்பியவர்களோ தமிழ்நாட்டில் பெற்ற பட்டத்தை அங்கே ஏற்கச் செய்யப் போராடினர். பாக் நீரிணையின் இரு கரையிலும் ஒரே தலைமுறைக்கு ஒரே தடை.

ஆவணமில்லாதவரின் கல்வியை எப்படி மதிப்பிடுவது, அது போலிகளுக்கு வாசல் திறந்துவிடாதா என்று கேட்போர் உண்டு. அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. போலிப் பட்டங்களின் சந்தை எவ்வளவு பெரியது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் போலிப் பட்டம் வாங்குபவர் பணமுள்ளவர். அவரிடம் காகிதம் குறைவதே இல்லை. காகிதத்தை மட்டும் நம்பும் முறைதான் அவருக்கு வசதி. மனிதரை நேரில் அமர்த்தி அவர் துறையில் கேள்வி கேட்கும் முறைக்கு அவர் அஞ்சுவார். உண்மையில் கற்ற அகதி அஞ்சமாட்டார்.

அத்தகைய முறை கற்பனையன்று. 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை, ஆவணச் சான்று காட்ட இயலாத அகதிகளின் தகுதியையும் நியாயமாகவும் விரைவாகவும் மதிப்பிட வழிமுறை வகுக்குமாறு உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. அதன் அடிப்படையில் 2017 முதல் ஐரோப்பியக் கவுன்சில், அகதிகளை நேர்காணல் செய்து, கிடைக்கும் ஆவணங்களோடு ஒப்பிட்டு, ஒரு தகுதிக் கடவுச்சீட்டை வழங்கிவருகிறது. முதலில் கிரேக்கத்து முகாம்களில். அகதிகளைக் கடலில் தள்ளிவிடும் ஐரோப்பாவைப் புகழ வேண்டியதில்லை; முறை இருக்கிறது என்பதே இங்குச் செய்தி. 2019இல் யுனெஸ்கோ ஏற்று 2023 மார்ச் 5 முதல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய உடன்படிக்கையும் அகதிகளுக்கும் இடம்பெயர்ந்தோருக்கும் இதே கொள்கையைக் கூறுகிறது.

வெளிநாட்டு முன்மாதிரிகூடத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவோ வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ எந்தக் குழந்தைக்கும் பள்ளிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விடுபட்டதைக் கற்பித்துத் தர வேண்டும் என்கிறது. அதாவது, தாள் இல்லாவிட்டாலும் மனிதரை ஏற்கலாம் என்பதை இந்தியச் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த ஒப்புதல் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. உடலுழைப்பில் மட்டும் அது மறுபடி தலைகாட்டுகிறது. முன்கற்றலை ஏற்றல் என்ற பெயரில், பள்ளி வாசல் மிதிக்காத தொழிலாளிக்கும் அவர் கைத்திறனைச் சோதித்து அரசின் திறன் திட்டத்தில் சான்று தரப்படுகிறது. ரப்பர் பால் வெட்டுவோருக்கும் அது உண்டு. பால் வெட்டும் கையை நேரில் பார்த்து மதிப்பிடத் தெரிந்த அரசுக்கு, கணிதம் கற்பித்த ஆசிரியரையோ நோயறிந்த மருத்துவரையோ நேரில் மதிப்பிடத் தெரியாதா?

2025 ஒழுங்குமுறைகளில் ஒரு பிரிவைச் சேர்ப்பது கடினமன்று. ஆவணம் இழந்தோரையும், பெற முடியாதோரையும் நேர்காணல், துறைத் தேர்வு ஆகியவற்றின் வழியே மதிப்பிட வேண்டும். குடியுரிமை வகை பற்றிய கேள்வி அந்த அறைக்குள் நுழையக் கூடாது. அகதிகளிடமும் தாயகம் திரும்பியோர் குடும்பங்களிடமும் கட்டணம் பெறக் கூடாது. மதிப்பீட்டுக் குழு தில்லியில் அமர்ந்து இணையத்தளத்தைப் பார்த்துக்கொண்டிராமல், ஆண்டுக்கு ஒரு முறையேனும் தமிழ்நாட்டு முகாம்களுக்கும் தீவுகளுக்கும் வர வேண்டும். பழைய தோட்டப் பாடசாலைப் பதிவுகளைத் தேடித் தருமாறு இலங்கைக் கல்வி அமைச்சைக் கேட்க வேண்டியது அரசின் வேலை. எண்பது வயதை நெருங்கும் தோட்டத் தொழிலாளியின் வேலையன்று. இந்தக் கோரிக்கைகளை நாடாளுமன்றத்தில் எழுப்ப உறுப்பினர்கள் இருக்கின்றனர். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து தில்லிக்கு மனு சென்று சேரும் வழிகளும் உண்டு. கச்சாலிலிருந்து மனு கொண்டுவர வேண்டுமெனில் கப்பல் வரும் நாள்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே முதல் அமர்வை அங்கேயே நடத்துமாறு கேட்பது பொருத்தமாக இருக்கும்.